கலெக்டர் படிப்புக்குக் கடன் கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத குழுக்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் கடைசியாக வந்த மனு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம், அவங்க முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க, மகளைச் சென்னையில் ஐ.ஏ.எஸ். கோச்சிங்கில் சேர்க்க ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். அதற்கு என்ன சத்தம்! "கறவை மாட்டுக்குக் கொடுத்தா பாலாவது வரும், இதுக்குக் கொடுத்தா என்ன வரும்?" என்று ஓர் அக்கா கேட்டார். "பொம்பளப் பிள்ளை கலெக்டர் ஆனா நமக்குத்தானே பெருமை, கண்ணை மூடிட்டுக் கொடுங்க" என்று இன்னொருவர். தீர்மானம் எழுத முடியாமல் இந்தக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். அது என்ன படிப்பு, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு முடிவு எடுக்கட்டும் என்றுதான் தலைவி என்னைப் பேசச் சொன்னார். என்னைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நானும் அந்தப் பரீட்சையை மூன்று தடவை எழுதித் தேறாதவள்.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆசை காட்டிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2023-ம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல். முதல்நிலைத் தேர்வு எழுத வந்தவர்கள் 5 லட்சத்து 92 ஆயிரம். அதில் தேறி முதன்மைத் தேர்வுக்குப் போனவர்கள் 14,624 பேர். நேர்முகத் தேர்வுக்கு 2,855 பேர். கடைசியில் வேலைக்குத் தேர்வானவர்கள் 1,016 பேர். அதில் பெண்கள் 352. எழுத வந்த 580 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச்சிங் விளம்பரத்தில் அந்த ஒருவருடைய போட்டோவைத்தான் போடுவார்கள். மற்ற 579 பேருக்கு போஸ்டர் கிடையாது.

அந்த 579-ல் ஒருத்தியின் கதையையும் சொல்கிறேன். 2013-ல் சமூகப் பணி முதுகலை முடித்தேன். எங்க அம்மா உங்களை மாதிரி ஒரு குழு உறுப்பினர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். குழுவில் 40,000 ரூபாய் கடன் எடுத்து, ரெண்டு ஆடும் விற்று, என்னைச் சென்னைக்கு அனுப்பினார். நான் சேர்ந்த பயிற்சி மையத்தின் பெயர் வேண்டாம். ஒரு ஹாலில் நூற்றைம்பது பேர். மைக்கில் ஒருவர் நோட்ஸ் வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். அதே நோட்ஸ் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று மூன்றாவது மாதம்தான் எனக்குத் தெரிந்தது. 2014, 2015, 2016 என்று மூன்று வருஷம் எழுதினேன். முதல்நிலைத் தேர்வைக்கூடத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் தடவை திறனறித் தாளில் வந்த ஆங்கிலப் பத்திகள் என்னைக் கவிழ்த்தன. அப்போது அந்தத் தாளின் மதிப்பெண்ணும் சேரும். 2015-லிருந்து அதில் 33 சதவீதம் வாங்கினால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அடுத்த ரெண்டு தடவையும் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. பொதுப் பாடத் தாளில்தான் போனது. அதில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தப்பாக எழுதினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். நான் அரசியலமைப்பைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். பஞ்சாயத்து பற்றிய பிரிவுகள் 243-லிருந்து 243-ஓ வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்க ஊர்க் கிராம சபைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஒரு மாதிரித் தேர்வில் நாலு வாக்கியம் கொடுத்து எது சரி என்று கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று, கிராம சபையின் உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வார்டு உறுப்பினர்கள் என்பது. நான் சரி என்று குறித்தேன். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அதைச் சரி என்பீர்கள்? பாருங்க, ஒருத்தரும் கை தூக்கவில்லை. ஏனென்றால் ஆகஸ்டு 15-க்கும் அக்டோபர் 2-க்கும் நீங்க போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே கிராம சபை உறுப்பினர் என்று உங்களுக்குத் தெரியும். எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறதா? இப்ப யோசிக்கிறீங்க. நம்ம மாநிலத்தில் பாதி இடம் இருப்பது உண்மை. 2016-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டு, 2019 ஊரகத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் சொல்வது, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் என்பதைத்தான். பாதி என்பது மாநிலம் கூட்டிக் கொடுத்தது. அடிப்படைச் சட்டம் எது, மாநிலம் தன் அதிகாரத்தில் செய்தது எது, இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ஆட்சியியல் பாடத்தில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். பிரிவு எண்கள் அதற்கப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். முதன்மைத் தேர்வின் இரண்டாம் பொதுப் பாடத் தாளுடைய பாடத்திட்டத்தில் சுய உதவிக் குழுக்களின் பங்கு என்றே எழுதியிருக்கிறது. ஆமாம், நம்மளைத்தான். சும்மா எழுதி வைக்கவில்லை, கேள்வியாகவும் கேட்டிருக்கிறார்கள். 2013-ல் குழுக்களும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் நுண்கடன் நிறுவனங்களும் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்ற பொருளில் ஒரு கேள்வி. 2014-ல் கிராமத்தில் குழுக்கள் வேர்விடுவதற்குச் சமூக, பண்பாட்டுத் தடைகள் என்னென்ன என்று. 2015-ல் வங்கி இணைப்புத் திட்டம் வறுமையைக் குறைத்ததைப் பற்றி. 2020-ல் மறுபடியும் நுண்கடன்.

பயிற்சி மையத்தில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் எழுதி, லீவுக்கு வந்தபோது அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். 1992-ல் நபார்டு 500 குழுக்களோடு வங்கி இணைப்பைத் தொடங்கியது, அதற்கு முன்பே 1989-ல் நம்ம தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பமாயின, இதனால் பெண்கள் அதிகாரம் பெற்றனர் என்று எல்லாம் இருந்தது. அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல எங்க குழுவே இல்லையேம்மா" என்றார். "தவணை கட்ட முடியாம ஒருத்தி பாதியில நின்னாளே, அவ பாக்கியை நாங்க பத்து பேரும் பங்கு போட்டுக் கட்டுனமே, அது எங்க? குழுக்கு வராதேன்னு மாமியார் வாசல்ல நின்னு திட்டுனது எங்க? ஆம்பளைங்க நம்ம பேருல கடன் எடுக்கச் சொல்றது எங்க?" அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பரீட்சைக்கு இதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா என்று சொன்னேன். 2014-ல் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

பொருளாதாரத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள், "அக்கா, பாலிட்டி ஓரளவு புரியுது, எகனாமிக்ஸ்தான் தலை சுத்துது" என்று. பிள்ளைகள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். அவங்க அம்மாவுடைய பாஸ்புக்கில் ஆரம்பித்தால் தலை சுற்றாது.

எங்க அம்மா வாங்கிய 40,000-க்கு 100-க்கு மாசம் 2 ரூபாய் வட்டி. மாசம் 2,000 அசல் வீதம் 20 மாசம். குறையும் முதலுக்கு வட்டி, நம்ம குழுக்களிலும் அப்படித்தானே. முதல் மாச வட்டி 800, அடுத்த மாசம் 760, இப்படி மாசத்துக்கு 40 ரூபாய் குறைந்து கடைசி மாசம் 40. மொத்த வட்டி 8,400. அதே 40,000-ஐ அதே 2 ரூபாய் வட்டிக்கு, "மேடம், ஒரே மாதிரி தவணை, ஈஸியா இருக்கும்" என்று சொல்லி ஒருவர் சமவட்டியில் கொடுத்தால், 20 மாசமும் 800. ஆக 16,000. ரெண்டு பேரும் சொல்வது 2 ரூபாய் வட்டிதான், பணமோ கிட்டத்தட்ட ரெட்டிப்பு. வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு எத்தனை பேர் அழுதோம் என்பது இந்த அறைக்குத் தெரியும். இதை ஒரு பிள்ளை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டால், ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் கூட்டியது, குறைத்தது என்று பேப்பரில் வரும்போது அது வெறும் வார்த்தையாக இருக்காது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கட்டுகிற வட்டி ரெப்போ. விலைவாசி ஏறினால் அதைக் கூட்டுவார்கள், கடன் வாங்குவது குறையும், பொருளை வாங்குகிற வேகம் தணியும். விலைவாசி ஏற்றம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், ரெண்டு சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்று இலக்கு வைத்து, ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு 2016-லிருந்து அந்த வட்டியை முடிவு செய்கிறது.

வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்று ரெண்டு வார்த்தை வரும். படித்தவர்களே குழப்புவார்கள். வீட்டில் அரிசிக்கும் மளிகைக்கும் வரவு போதாமல் கடன் வாங்கினால் அது முதல் வகை. மாடு வாங்கின கடன், கிணறு வெட்டின கடன் என்று அந்த வருஷம் மொத்தம் எவ்வளவு கடன் தேவைப்பட்டதோ அது இரண்டாவது. மாட்டுக்கு வாங்கினால் பயப்பட மாட்டோம், மளிகைக்கே வாங்கினால் வயிறு கலங்கும். அரசுக்கும் அதே கலக்கம்தான். 2003-ல் மத்திய அரசு நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டு வந்ததே அதனால்தான்.

நடப்பு நிகழ்வு என்றால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செல்போனில் 'இன்றைய முக்கிய 20 கேள்விகள்' என்று வருவதை உருப்போடுகிறார்கள். யாருக்கு விருது, எந்த நாட்டுக்கு யார் பிரதமர். இதெல்லாம் வேண்டியதுதான், மாநில அரசுத் தேர்வுகளில் நேரடியாகவே கேட்பார்கள். ஆனால் முதன்மைத் தேர்வுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு செய்தியைப் பிடித்துப் பின்னாலேயே போக வேண்டும்.

நம்ம வீட்டுக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வயசுக்காரர்களுக்குப் பல்லில் ஏன் பழுப்புக் கறை? போர்த் தண்ணீரில் இருந்த புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம்ம பக்கத்து ஊர்களில் அதைத் தாண்டித்தான் குடித்து வளர்ந்தோம். அதற்காக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வருஷமே கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி ரெண்டு பக்கமும் போராட்டம் நடந்தது. ஜைகா என்கிற ஜப்பான் நாட்டு முகமை கடன் கொடுத்தது. 2013-ல் திறந்தார்கள். இந்த ஒரு குழாயில் எத்தனை பாடம் ஓடுகிறது பாருங்க. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றை ஒழுங்குபடுத்துவதோ மத்தியப் பட்டியலில் வருகிறது. வெளிநாட்டுக் கடனை மாநிலம் நேரடியாக வாங்க முடியாது, மத்திய அரசு வழியாகத்தான். காவிரித் தீர்ப்பாயம் 1990-ல் அமைந்து 2007-ல் இறுதித் தீர்ப்புச் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பங்கை 177.25 டி.எம்.சி. என்று ஆக்கியது. புளோரைடு அறிவியல், எலும்பு வளைவது சுகாதாரம். ஆட்சியியல், பொருளாதாரம், நடப்பு நிகழ்வு என்று மூன்று நோட்டுப் போட்டுத் தனித்தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு இது எந்த நோட்டில் போகும்? நான் அப்படி மூன்று நோட்டுப் போட்டவள்தான். குழாய் எதிலும் ஏறவில்லை.

பழைய கைடுகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவோம். நூறு நாள் வேலையை எடுங்க. 2005-ம் வருஷச் சட்டப்படி 100 நாள், உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் இடத்தில் வேறு சட்டம் நிறைவேற்றியது. அதில் 125 நாள். ஆனால் நம்மைப் போன்ற மாநிலங்களில் செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பகிர வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்திருக்கிறது. பழைய கைடில் படித்த பிள்ளை 100 என்று எழுதுவாள். புதுச் செய்தியை மட்டும் பார்த்தவள் 125 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவாள். நாள் கூடியது, மாநிலத்தின் சுமையும் கூடியது, இதில் நமக்கு லாபமா நஷ்டமா என்று நாலு பக்கமும் பார்த்து எழுதுகிறவளுக்குத்தான் மதிப்பெண். அதைப் பார்க்க உங்களைவிட யாரிடம் போய்க் கேட்பது? ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 2017-ல் வந்தபோது 5, 12, 18, 28 என்று நாலு விகிதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலும் 5, 18 என்று ரெண்டாகிவிட்டது. குளியல் சோப்புக்கு 18 போய் 5.

சரி, கடனுக்கு வருகிறேன்.

என் யோசனை, ஒன்றரை லட்சம் இப்போது வேண்டாம். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே கூட்டமைப்பில் பெண் கல்யாணத்துக்கு என்று கேட்ட மனு எதையாவது இப்படி ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறோமா? பால் வருமா என்று அப்போது யாரும் கேட்டதில்லை. இந்தப் பெண்ணுக்கு முதல் வருஷத்துக்கு அந்தப் பணம் தேவைப்படாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

முதல் வருஷம் 6-லிருந்து 12 வரை பள்ளிப் புத்தகங்கள். நம்ம ஊர்ப் பள்ளியிலேயே இருக்கு, இணையத்திலும் இலவசம். தமிழில் படித்துப் புரிந்ததை அப்புறம் ஆங்கிலத்திலும் படிக்க வேண்டும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் முதல்நிலைத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். நான் இதை அலட்சியம் செய்து அடிபட்டேன். ஒரு நாளிதழ், மாதம் ஒரு 'திட்டம்' இதழ். மத்திய அரசே தமிழில் போடுகிற பத்திரிகை அது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். சென்னையில் மாநில அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் உண்டு, நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் கட்டணம் கிடையாது. 2023-ல் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த மாதிரி அறிவிப்புகளைப் பார்த்து ஒன்று விடாமல் எழுத வேண்டும். மத்தியத் தேர்வுக்குப் பெண்கள் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

கூடவே மாநிலத் தேர்வுகள். இதை எல்லாரும் கேளுங்க, மருமகள்கள் உள்ளவர்களும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புப் போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. வி.ஏ.ஓ. வேலையும் இதில்தான் வருகிறது. கலெக்டர் படிப்பில் படிக்கிற அதே பஞ்சாயத்தும் பட்ஜெட்டும் இங்கேயும் வரும். ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு மேலே எழுதலாம். எனக்கு இதை யாராவது 2014-லேயே சொல்லியிருந்தால் எங்க அம்மா அந்த 48,400-ஐப் புளி உடைத்துக் கட்டியிருக்க வேண்டாம்.

ஒரு வருஷம் இப்படிப் படித்து, மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறுகிறது என்று தெரிந்தால், அப்போது கொடுங்கள். வயதும் கணக்குப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் இனத்தாருக்கு 37. இந்தப் பெண்ணுக்கு இப்போது 22. கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் அவகாசம் இருக்கு. அதை அம்மா கையில் விடுகிறேன்.

அதனால் தீர்மானப் புத்தகத்தில் ரெண்டு விஷயம் எழுதலாம் என்று முன்வைக்கிறேன். ஒன்று, இந்த உறுப்பினருக்குப் புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் 10,000 ரூபாய், குறையும் முதலுக்கு வட்டி. ஒரு வருஷம் கழித்து மனுவை மறுபடி எடுப்பது. ரெண்டு, நம்ம கூட்டமைப்புக் கட்டிடம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பூட்டித்தான் கிடக்கிறது. அதை ஒன்பது மணி வரை பிள்ளைகளுக்குத் திறந்து விடுவது. ரெண்டு பேப்பர், ஒரு டியூப்லைட், சாவிப் பொறுப்புக்கு ஓர் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் வருகிறேன். வருகிற பிள்ளைகள் போன வாரப் பேப்பரும், அவங்க அம்மாவோட பாஸ்புக்கும் எடுத்து வரட்டும்.

இப்போ கேள்வி கேளுங்க. மனு போட்ட அக்கா முதலில் பேசட்டும்.